குண்டூசித் துளைகளும் ஒரு சிறுவனின் துணிவும்

நீங்கள் கொடுத்தனுப்பிய பணத்தை உங்கள் பிள்ளை வழியில் பறிகொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்பியதும் நடந்ததை அப்படியே உங்களிடம் சொல்வானா? அல்லது உங்கள் கோபத்தை எண்ணி அஞ்சி, ஏதேனும் ஒரு பொய்யைப் புனைவானா? பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு மிகவும் பயன்படக்கூடிய கதை ஒன்று ஜெர்மன் மொழியில் உண்டு.

எரிக் கெஸ்ட்னர் என்னும் ஜெர்மானிய எழுத்தாளர் எழுதி, 1929ஆம் ஆண்டில் வெளிவந்த 'எமிலும் துப்பறிவோரும்' என்னும் சிறுவர் நாவலே அது. துப்பறியும் கதை என்றதும் நம்மில் பலருக்கு ஷெர்லாக் ஹோம்ஸ்தான் நினைவுக்கு வருவார். 1887இல் வெளிவந்த முதல் கதையிலேயே அவர் முழுமையான அறிவாற்றலோடு நம் முன் வந்து நிற்கிறார். அவர் வளர்வதற்கு அங்கே இடமே இல்லை. எமிலோ அத்தகையவன் அல்லன். அவனிடம் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லை. அபாரமான மூளையும் இல்லை. கதையின் தொடக்கத்தில் அவன் அஞ்சி நடுங்கும் ஒரு சாதாரணப் பள்ளிச் சிறுவன். அவன் எவ்வாறு தன்னம்பிக்கை பெற்றான் என்பதே கதையின் உயிர்.

விதவைத் தாயின் மகன்

எமில் டிஷ்பைன், நொய்ஸ்டாட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவன். தகர வேலையும் குழாய் வேலையும் செய்துவந்த அவனுடைய தந்தை, அவன் ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டார். தாய், அண்டை அயலிலுள்ள பெண்களுக்கு வீட்டிலேயே தலை கழுவி முடி திருத்தும் தொழில் செய்து குடும்பத்தை நடத்துகிறாள். வாரத்துக்கு அவள் ஈட்டுவது 35 மார்க்.

பெர்லினிலுள்ள பாட்டி வீட்டுக்கு விடுமுறையைக் கழிக்க எமில் புறப்படுகிறான். தாய் அவனிடம் 140 மார்க் கொடுத்தனுப்புகிறாள். அதில் 120 மார்க் பாட்டிக்கு. எஞ்சிய 20 மார்க் அவனுடைய செலவுக்கு. வேறு வகையில் சொன்னால், அத்தாய் நான்கு வாரம் உழைத்துப் பெறும் ஊதியம் முழுவதும் அந்தச் சிறுவனின் சட்டைப்பைக்குள் இருக்கிறது. இந்தக் கணக்கை அறிந்த பின்னரே எமிலின் பதற்றம் நமக்கு விளங்கும். ஒரு நூறு மார்க் நோட்டும் இரண்டு இருபது மார்க் நோட்டுகளும் அடங்கிய அந்த உறையை, அவன் தன் மேலங்கியின் உட்பையில் வைத்து, ஒரு குண்டூசியால் துணியோடு சேர்த்துக் குத்தி வைக்கிறான்.

ரயில் பெட்டியில் விறைத்த வட்டத் தொப்பி அணிந்த குருண்டைஸ் என்பவன் எமிலோடு பயணம் செய்கிறான். இனிக்கப் பேசுகிறான், சாக்லேட்டும் தருகிறான். பெட்டியில் இருந்த மற்றவர்கள் இறங்கிவிடுகின்றனர். விழித்திருக்க வேண்டும் என்று எமில் எவ்வளவோ முயல்கிறான், ஆயினும் உறங்கிவிடுகிறான். கண் விழித்துப் பார்த்தால் அந்த மனிதனையும் காணோம், பணத்தையும் காணோம்.

அவனைத் தடுத்தது எது?

இத்தருணத்தில் எவரும் செய்யக்கூடிய இயல்பான செயல் யாது? காவல் துறையினரிடம் சென்று முறையிடுவதுதான். ஆனால் எமில் அதைச் செய்யவில்லை. ஏன்? ஊரில் நின்ற ஒரு பிரபுவின் சிலைக்கு நண்பர்கள் தூண்ட அவன் சிவப்பு மூக்கும் கறுப்பு மீசையும் வரைந்திருந்தான். அந்த வேளையில் யெஷ்கே என்னும் காவலர் அவ்வழியே வந்துவிட்டார். அன்று முதல் காவலரின் சீருடையைக் கண்டாலே எமிலின் நெஞ்சம் படபடத்தது. 'போலீஸாரிடம் போனால் அந்தக் குற்றம் வெளிப்பட்டு நம்மையே சிறையில் அடைத்துவிடுவார்கள்' என்று அவன் மெய்யாகவே நம்பினான்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பணத்தைப் பறிகொடுத்தவன் அவன். நியாயம் முழுவதும் அவன் பக்கம் இருக்கிறது. எனினும், மனத்துக்குள் மறைத்து வைத்த ஒரு சிறு குற்றம் அவனுடைய நாவைக் கட்டிவிட்டது. சிலைக்கு மீசை வரைந்தது பெருங்குற்றம் அன்று. பெரியவர்கள் கேட்டால் சிரித்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்துத் துடைக்கச் சொல்லியிருப்பார்கள். ஆனால் வெளியே சொல்லப்படாத தவறு, பிள்ளையின் உள்ளத்தில் நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போகிறது.

பல ஆண்டுகளாக மத்ரஸாவில் பாடம் நடத்திவரும் எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. கிதாபின் ஒரு தாளைத் தெரியாமல் கிழித்துவிட்ட பிள்ளை, வயிற்று வலி என்று கூறி மூன்று நாட்கள் வராமல் இருந்ததைக் கண்டிருக்கிறேன். தாள் கிழிந்ததற்குப் பசையே போதும். மூன்று நாள் பாடத்தை இழக்கச் செய்தது அவனுடைய அச்சம். அந்த அச்சத்தை அவனுக்கு ஊட்டியதில் என் அதட்டலுக்கும் பங்கு உண்டு என்பதை நான் மறுக்க இயலாது.

துணிவு பிறந்த இடம்

பெர்லினில் பாட்டியும் தாயின் சகோதரி மகளான போனியும் ஃபிரீட்ரிஷ்ஷ்ட்ராஸே ரயில் நிலையத்தில் காத்திருக்கின்றனர். ஆனால் கூட்டத்தில் அந்த வட்டத் தொப்பியைக் கண்ட எமில், அதற்கு முன்னதாகவே விலங்குக் காட்சிச் சாலை நிலையத்தில் இறங்கிவிடுகிறான். திருடன் ஏறிய டிராமில் அவனும் ஏறுகிறான். பயணச் சீட்டு வாங்கவும் கையில் காசு இல்லை. முன்பின் அறியாத ஒரு பெரியவர் அவனுக்காகக் கட்டணத்தைச் செலுத்துகிறார். அவர் ஒரு பத்திரிகையாளர் என்பதும், அவர் பெயர் கெஸ்ட்னர் என்பதும் பின்னால்தான் தெரியவருகின்றன. ஆசிரியர் தம்மையே கதைக்குள் இவ்வாறு நுழைத்துக்கொண்டிருக்கிறார்.

திருடன் ஓர் உணவு விடுதியில் அமர்ந்து உண்கிறான். எமிலோ, ஒரு பத்திரிகைக் கடைக்கும் விளம்பரத் தூணுக்கும் இடையே பெட்டியோடு ஒளிந்து நிற்கிறான். இலட்சக்கணக்கான மக்கள் வாழும் நகரம். தனக்கென்று நேரம் ஒதுக்க ஒருவரும் இல்லை என்ற எண்ணம் அவனை வாட்டுகிறது. அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் பலத்த ஒலி ஒன்று கேட்கிறது. மோட்டார் ஹாரன் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் குஸ்டாஃப் என்னும் சிறுவன் அவன் முன் நிற்கிறான்.

எமிலின் வாழ்வு திரும்பிய இடம் இதுவே. அவன் திருட்டுப் போனதையும் சொன்னான். ஊரில் தான் செய்த தவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். குஸ்டாஃப் அவனை ஏளனம் செய்யவில்லை, உபதேசமும் செய்யவில்லை. உதவுகிறேன் என்றான். சற்று நேரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறுவர்களைத் திரட்டிக்கொண்டு வந்து நின்றான். உண்மையை ஒருவனிடம் சொன்ன அந்தக் கணத்தில் எமிலின் சுமை பாதியாகக் குறைந்தது. அதன் பிறகு அவன் ஒளிந்து நிற்கவில்லை. மற்றவர்களோடு சேர்ந்து ஆலோசித்தான், திட்டமிட்டான், முன் நடந்தான்.

திருடனிடமிருந்து திருடலாமா?

சிறுவர்களின் ஆலோசனைக் கூட்டத்தில் ஒரு வாதம் எழுகிறது. திருடன் அசந்திருக்கும் நேரம் பார்த்துப் பணத்தை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்கிறான் குஸ்டாஃப். 'பேராசிரியன்' என்று நண்பர்களால் அழைக்கப்படும் சிறுவன் அதனை மறுக்கிறான். எவனிடமிருந்தும் மறைவாக எடுத்தால் நாமும் திருடர்களே. அவன் திருடன் என்பதால் நம் செயல் தூய்மையாகிவிடாது என்பது அவனுடைய வாதம். எமில் அதனை ஏற்றுக்கொள்கிறான். தாயின் உழைப்பை மீட்கத் துடிக்கும் நிலையிலும், தவறான வழி வேண்டாம் என்று ஒரு சிறுவன் முடிவெடுப்பதைக் காட்டிலும் பெரிய தன்னம்பிக்கை எது?

அவ்விரவு இருவரும் தனித்துப் பேசும் காட்சி நெஞ்சைத் தொடுவது. பேராசிரியன் வசதியான வீட்டுப் பிள்ளை; அவனுடைய தந்தை வழக்கறிஞர். ஆனால் பெற்றோர் மாலை வேளைகளில் பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. எமிலோ, தன் தாய் தன்னைத் தடுப்பதில்லை என்றும், இரவு ஒன்பது மணி வரை வெளியில் இருக்க அனுமதி உண்டு என்றும் கூறுகிறான். ஆனாலும் அவன் ஏழு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவானாம். தாய் அடுக்களையில் தனியே அமர்ந்து உண்பதை அவன் விரும்பவில்லை. கட்டளையால் விளையாத கீழ்ப்படிதல் இது. தன்னை நம்பும் தாய்க்கு அப்பிள்ளை தானாகவே செலுத்தும் மரியாதை.

சாட்சி சொன்ன குண்டூசி

மறுநாள் காலை குருண்டைஸ் தங்கும் விடுதியை விட்டு வெளியே வருகிறான். அவன் போகுமிடமெல்லாம் சிறுவர் கூட்டம் பின்தொடர்கிறது. நேரம் செல்லச் செல்ல அது சுமார் நூறாகப் பெருகுகிறது. தப்பிக்க வழியறியாத அவன் ஒரு வங்கிக்குள் நுழைந்து, பெரிய நோட்டுகளைச் சில்லறையாக மாற்ற முயல்கிறான். சிறுவர்கள் உள்ளே புகுந்து, அது திருட்டுப் பணம் என்று கூறுகின்றனர். அதற்கு என்ன ஆதாரம் என்ற கேள்வி எழுகிறது. பணத்தாளில் எவர் பெயரும் எழுதியிருப்பதில்லையே! அப்போது எமிலுக்குக் குண்டூசி நினைவுக்கு வருகிறது. நோட்டுகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்கிறான். ஆம், ஊசித் துளைகள் இருக்கின்றன!

முந்தைய நாள் காவலர் சீருடையைக் கண்டு நடுங்கியவன், இன்று காவல் தலைமையகத்துக்கே சென்று தன் வாயால் நடந்ததை விவரிக்கிறான். பிடிபட்டவன் சாதாரணத் திருடன் அல்லன். ஹனோவரில் வங்கியைக் கொள்ளையடித்த கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பது தெரியவருகிறது. எமிலுக்கு 1000 மார்க் வெகுமதி கிடைக்கிறது. அப்பணத்தைக்கொண்டு தாயின் தொழிலுக்கு ஒரு மின்சாரத் தலை உலர்த்தியும், குளிரைத் தாங்க அவளுக்கு ஒரு நல்ல மேலங்கியும் வாங்க வேண்டும் என்பதே அவனுடைய முதல் எண்ணமாக இருக்கிறது.

பாட்டி போற்றிய சிறுவன்

வெற்றி விருந்தில் எல்லோரும் எமிலைப் பாராட்ட, பாட்டி மட்டும் வேறொரு பிள்ளையைப் போற்றுகிறாள். அவன் பெயர் டீன்ஸ்டாக். ஜெர்மன் மொழியில் 'செவ்வாய்க்கிழமை' என்று பொருள். அனைவரும் தெருவில் திருடனைத் துரத்தியபோது, அவன் தன் வீட்டுத் தொலைபேசியின் அருகிலேயே செய்திகளுக்காகக் காத்திருந்தான். வெளியே ஓடி வர அவனுக்கும் ஆசைதான். ஆயினும், ஒப்படைக்கப்பட்ட பணியை விட்டு நகரவில்லை. எவர் கண்ணிலும் படாத இடத்தில் இருந்து கடமையைச் செய்பவனே போற்றத்தக்கவன் என்பதைப் பாட்டி பிள்ளைகளுக்கு உணர்த்துகிறாள்.

இந்நிகழ்ச்சியிலிருந்து கற்ற பாடம் என்ன என்ற கேள்விக்கு, எவரையும் எளிதில் நம்பக்கூடாது என்கிறான் எமில். பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது என்கிறாள் தாய். பாட்டியோ, பணத்தை மணியார்டரில்தான் அனுப்ப வேண்டும் என்று கூறி அனைவரையும் சிரிக்க வைக்கிறாள்!

எழுதியவரின் தாய்

இக்கதையின் தாயைக் கெஸ்ட்னர் எங்கிருந்து பெற்றார்? 1899இல் டிரெஸ்டன் நகரில் பிறந்த அவருடைய தாய் ஈடாவும், குடும்பச் சுமையைத் தாங்க முடி திருத்தும் தொழிலைக் கற்று வீட்டிலேயே நடத்தியவர்தான். நூலாசிரியரின் முழுப் பெயரிலேயே எமில் என்பது அடங்கியுள்ளது. 1933ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் பெர்லினில் நாஜிகள் நூல்களைத் தீயிலிட்டபோது, கெஸ்ட்னரின் நூல்களும் எரிக்கப்பட்டன. கூட்டத்தில் நின்று அவர் அதனைக் கண்ணால் கண்டார். மக்கள் பெரிதும் நேசித்த எமில் மட்டும் அன்றைய தீயிலிருந்து தப்பினான். 1974இல் கெஸ்ட்னர் மறைந்தார். எமிலை இன்றும் பல நாட்டுப் பிள்ளைகள் படித்து வருகின்றனர்.

பெற்றோர்களே! பிள்ளைக்குத் தன்னம்பிக்கை வேண்டும் என்று விரும்பாதவர் நம்மில் எவரும் இலர். மேடையில் பேசுவதும் போட்டியில் பரிசு பெறுவதுமே தன்னம்பிக்கை என்று நாம் கருதிவிடுகிறோம். 'நான் தவறு செய்துவிட்டேன், எனக்கு உதவுங்கள்' என்று சொல்ல இயல்வதே அதன் முதற்படி என்பதை எமில் நமக்குக் காட்டுகிறான். அவனுக்கு வாய்த்த அந்த முதல் செவி, தெருவில் நின்ற ஓர் அயலானுடையது. அவன் நல்லவனாக இருந்தது எமிலின் நற்பேறு. எல்லாப் பிள்ளைகளுக்கும் தெருவில் ஒரு குஸ்டாஃப் கிடைப்பான் என்பதற்கு உறுதி ஏது? குருண்டைஸ்களும் அங்கே இனிக்கப் பேசிக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

ஆகவே, அந்த முதல் செவி வீட்டிலேயே இருக்கட்டும். இன்று உங்கள் பிள்ளை எதையோ சொல்ல வந்து தயங்கி நின்றால், கையிலிருக்கும் வேலையைச் சற்றே ஒதுக்கி வையுங்கள். அவன் சொல்லி முடிக்கும்வரை குரலை உயர்த்தாதீர்கள்.