உஷார்! வலிப்பு நின்றதும் கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள்

வெட்டி வெட்டி இழுத்த கை கால் அடங்கிவிட்டது. கடைவாய் நுரையைத் துடைத்தாயிற்று. பிள்ளை அசந்து கிடக்கிறான். 'பாவம், தூங்கட்டும்' என்று விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்களே, அங்கேதான் எனக்குப் பகீர் என்கிறது.

வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் போலத் திடீரென இறந்துபோகிறார். அடிபட்டோ நீரில் மூழ்கியோ அல்ல. பிரேதப் பரிசோதனையிலும் வேறு காரணம் அகப்படாது. அமெரிக்க நடிகர் கேமரன் பாய்ஸ் 2019 ஜூலையில் தூக்கத்திலேயே போனது இப்படித்தான். வயது 20.

மருத்துவமனையில் மூளை அலைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தபோதே நேர்ந்த சில மரணங்களை அலசி 2013இல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய வலிப்பு முடிந்ததும் மூச்சு வேகமாக இரைக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் மூச்சும் இதயத் துடிப்பும் தாறுமாறாகின்றன. கடைசியில் மூச்சு நிற்கிறது, பின்னாலேயே இதயமும். இறந்தவர்களில் பெரும்பாலோர் குப்புறக் கிடந்தவர்கள். நமக்கு முகம் தலையணையில் புதைந்தால் தூக்கத்திலேயே தலை திரும்பிவிடும். வலிப்பில் ஓய்ந்துபோன மூளைக்கு அந்தத் தெம்புகூட இருக்காது.

உடம்பு முழுக்க இழுக்கும் வலிப்பு வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் வருகிறதா? ஆபத்து பல மடங்கு. அது ராத்திரியில் வந்து, ஆளும் தனியறையில் படுப்பவராக இருந்தால் இன்னும் மோசம்.

இதையெல்லாம்விட என்னைக் கலங்கடிப்பது மாத்திரை விஷயம். 'ரெண்டு வருஷமா ஃபிட்ஸ் வரலையே' என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம். விரதம், வெறும் வயிறு என்று ஒரு வேளையை விடுகிறவர்கள் இன்னொரு பக்கம். கல்யாணமாகிப் போன பெண்ணோ மாத்திரை அட்டையைப் புடவை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருப்பாள். நாத்தனார் அதே அறையில் படுத்த இரண்டு ராத்திரி அதை எடுக்கவே முடிந்திருக்காது. நோயை மறைக்கச் சொல்லி அனுப்பிய பெற்றோரைத்தான் நான் குற்றம் சொல்வேன். திடீரென நிறுத்திய மாத்திரை, முன்பு வந்ததைவிடக் கடுமையான வலிப்பைக் கிளப்பிவிடலாம். ராக்கண் விழிப்பும் குடியும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இந்தத் திடீர் மரண ஆபத்து எனக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று பல டாக்டர்கள் இந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைத் தேடி ஓடாதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூக்கும் வாயும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் இழுத்தால் 108ஐக் கூப்பிடுங்கள். மூச்சே இல்லையென்றால் உடனே 108ஐக் கூப்பிட்டு, அது வரும்வரை நடு நெஞ்சை விடாமல் அழுத்துங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், பக்கத்திலேயே பாயைப் போட்டு உட்காருங்கள். அவர் கண் விழித்து உங்கள் பெயரைச் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.