நாமே ஒரு கார் கட்ட முடியுமா?

கொடைரோட்டைத் தொட்டுச் செல்லும் நான்குவழிச் சாலையில் எப்போதாவது அந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். கூரை கிடையாது, கதவு கிடையாது. நீளமான இரும்புச் சேஸ், அதன் மேல் இன்ஜின், ஸ்டியரிங், ஓர் இருக்கை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் தூசியிலும் ஒருவர் ஓட்டிப் போவார். அது பாடி கட்டப் போகும் பஸ் சேஸ். சேஸைச் செய்வது ஒரு கம்பெனி. அதன் மேல் பாடி கட்டுவது கரூர் போன்ற ஊர்களின் பட்டறை. இரண்டும் சேர்ந்துதான் நாம் ஏறும் பஸ்.

இதைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு இயல்பாக எழும் கேள்வி: பஸ்ஸுக்கு முடிகிறது என்றால் காருக்கு ஏன் முடியாது? நான்கு நண்பர்கள், வெல்டிங் தெரிந்த ஒருவர், பக்கத்தில் ஒரு லேத் பட்டறை. ஒரு காரைக் கட்டிவிடலாமே?

கட்டிவிடலாம். அதைச் சாலையில் ஓட்டுவதுதான் சிக்கல். எது நடக்கும், எது நடக்காது, ஆசை உள்ளவர்கள் எங்கே தொடங்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிட் கார் என்றால் என்ன?

முழுக் காராக வாங்காமல் உதிரிகளாக வாங்கி, வாங்கியவரே பூட்டிக்கொள்ளும் கார்தான் கிட் கார். சேஸும் பாடியும் ஒரு சிறு கம்பெனியிடமிருந்து வரும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்ஸில் போன்றவற்றை ஏதாவது ஒரு பழைய காரிலிருந்து கழற்றி எடுப்பார்கள்.

இந்தப் பழக்கம் பிரிட்டனில் பரவ ஒரு காரணம் வரி. அங்கே முழுக் காருக்கு விற்பனையின்போது தனி வரி இருந்தது. உதிரிகளாக வாங்கினால் அந்த வரி இல்லை. 1957-ல் காலின் சாப்மன் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இந்த வசதியால் நன்றாக விற்றது. இரும்புக் குழாய்களை முக்கோணங்களாகச் சேர்த்து வெல்டிங் செய்த சட்டகம், மேலே அலுமினியத் தகடு, இரண்டு இருக்கை, அவ்வளவுதான். 1973-ல் வரி முறை மாறி அந்தச் சலுகை போய்விட்டது. அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனம் அந்தக் காரின் உரிமையை வாங்கியது. அதே வடிவத்தில் இன்றும் செய்து விற்கிறது. அமெரிக்காவில் 1964-ல் புரூஸ் மேயர்ஸ், ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களைக் கொண்டு ஃபைபர் கிளாஸ் பாடி போட்ட கடற்கரை வண்டியைச் செய்தார். 1996-ல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டுக்குள் ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகமே எழுதினார். அதைப் படித்துவிட்டுக் கொட்டகையில் வெல்டிங் போட ஆரம்பித்தவர்கள் ஏராளம்.

வரிச் சலுகை போன பிறகும் அங்கே இந்தப் பொழுதுபோக்கு சாகவில்லை. தனி ஒருவர் கட்டிய ஒரே ஒரு வண்டியையும் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டலாம். பிரேக், விளக்கு, ஸ்டியரிங், புகை எல்லாவற்றையும் பார்த்து, தேறினால் பதிவு செய்வார்கள்.

நம் ஊரிலும் பெட்டியில் வந்த கார்கள்

நமக்கும் இது புதிதல்ல. சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் ஓடிய பல கார்கள் மரப்பெட்டிகளில் உதிரிகளாகக் கப்பலில் வந்து இறங்கியவைதான். சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் செய்த வேலை, இங்கிலாந்திலிருந்து வந்த ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டுவது. அந்தக் கம்பெனிதான் பின்னாளில் அசோக் லேலண்ட். மஹிந்திராவும் அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் உதிரிகளை வரவழைத்துப் பூட்டித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தது.

1953-ல் மத்திய அரசு கொள்கையை மாற்றியது. வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை, படிப்படியாக இங்கேயே உற்பத்தி செய்பவர்கள் மட்டும் இருக்கலாம் என்றது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் அப்போது மூட்டை கட்டின. ஆக, உதிரிகளைப் பூட்டிக் கார் ஆக்கும் வேலை இங்கே தொழிற்சாலைகளின் வேலையாகவே இருந்தது. வீட்டுக் கொட்டகைக்கு வரவில்லை.

சட்டம் எங்கே மறிக்கிறது?

இந்தியாவில் ஒரு வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமானால், அந்த மாடலின் மாதிரி வண்டி முதலில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-வது விதி இதைச் சொல்கிறது. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் உள்ள ஐ.சி.ஏ.டி. போன்ற நிறுவனங்கள் சோதனை நடத்திச் சான்று தரும். ஆயிரக்கணக்கில் விற்கப்போகும் கம்பெனிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகும். ஒரே ஒரு கார் கட்டுபவருக்கு ஆகாது. பிரிட்டனில் உள்ளதுபோல ஒற்றை வண்டிக்கான எளிய சோதனை முறையும் இங்கே இல்லை.

பஸ் பாடி மட்டும் எப்படி நடக்கிறது என்றால், அதற்குத் தனி விதிமுறை இருக்கிறது. சேஸ் ஏற்கெனவே அங்கீகாரம் பெற்றது. பாடி எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.ஐ.எஸ். 052 என்ற தர விதி அளவுகளோடு சொல்கிறது. கட்டும் பட்டறையும் அங்கீகாரம் பெற வேண்டும்.

சரி, பழைய கார் ஒன்றை வாங்கி, அதன் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு மேலே புது உருவம் கட்டினால்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு அதையும் தடுக்கிறது. தயாரித்த கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். ஆர்.சி.யில் ஒன்றும் சாலையில் வேறொன்றுமாக ஒரு வண்டி விபத்தில் சிக்கினால், இன்சூரன்ஸ் கம்பெனி கை விரிக்க வழி உண்டு. அப்படி நடந்தால் இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

வழி ஒன்று: பழையதைப் பழையபடியே எழுப்புவது

சட்டத்தோடு மோதாத முதல் வழி இதுதான். பழைய ஜீப், பியட், அம்பாசடர் எதுவானாலும் கடைசி நட்டு வரை கழற்றி, துருவை எடுத்து, டிங்கரிங், பெயின்டிங் செய்து, அதே வடிவத்தில் திரும்பப் பூட்டுவது. வேலை கிட் காருக்குக் குறைந்ததல்ல. கற்றுக்கொள்வதும் அதே அளவு.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். சேஸ் எண்ணைப் பாருங்கள். சேஸில் பொறித்த எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். இன்ஜினையே மாற்ற நேர்ந்தால் ஆர்.டி.ஓ. அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிவிடுங்கள்.

அரசு அலுவலகங்களில் ஓடிய பழைய ஜீப்புகள் விஷயத்தில் கவனம் தேவை. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்புக்குத்தான் போக வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது காட்டினால், உதிரிக்கு மட்டும் உதவும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

50 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2021-ல் தனி விதி வந்தது. ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000 ரூபாய். சேஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். தினமும் சந்தைக்குப் போக உதவாது.

வழி இரண்டு: பந்தயத் தடம்

புதிதாக ஒரு காரையே படைக்க வேண்டும் என்றால், அதற்கு உரிய இடம் பந்தயத் தடம். அங்கே ஆர்.சி. தேவையில்லை, போட்டி விதிகளும் பாதுகாப்புச் சோதனையும்தான் சட்டம். காரை லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கி, ஓட்டிவிட்டுத் திரும்ப ஏற்றி வரவேண்டும்.

இந்த வழியில் தமிழ்நாட்டுக்கு நல்ல வரலாறு உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளத்தில் நிலையான தடம் வந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-ன் இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை 1980-களின் பிற்பகுதியில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வகைக் கார்கள், வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத பலரைப் பந்தயத்துக்குள் கொண்டுவந்தன. பந்தய ஓட்டுநர் நரேன் கார்த்திகேயன் தொடக்கத்தில் ஓட்டியதும் அதைத்தான். கரிவரதன் 1995-ல் சிறுவிமான விபத்தில் இறந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எல்லோரிடமும் இருந்த சாதாரண இன்ஜினை அவர் எடுத்துக்கொண்டதைக் கவனியுங்கள். உதிரி எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். முதல் கார் கட்டுபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

வழி மூன்று: கல்லூரிப் போட்டிகள்

வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால் இது எளிது. கரி தடத்தில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு மாணவர் குழுக்கள் தாங்களே வரைந்து, வெல்டிங் செய்து, ஒற்றை இருக்கைக் கார் கொண்டுவருகின்றன. கரடுமுரடான தரையில் ஓடும் வண்டிக்கு பாஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டி 2007 முதல் நடக்கிறது.

ஃபார்முலா பாரத் போட்டியில் வேகம் பார்க்கும் முன்பே சோதனை தொடங்கிவிடும். ஓட்டுநர் பெல்ட்டை அவிழ்த்து ஐந்தே விநாடியில் வெளியே வர வேண்டும். பிரேக்கை மிதித்தால் நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டிக்கொள்ள வேண்டும். இதில் தேறாத கார் தடத்தில் இறங்காது. போட்டிக்குப் போகாதவர்களும் தங்கள் கொட்டகையில் இந்த இரண்டு சோதனைகளையும் வைத்துக்கொள்ளலாம்.

கூட்டாகச் செய்யும்போது

தனியாக ஆரம்பித்த வண்டிகள் பெரும்பாலும் பாதியில் தார்ப்பாய்க்குள் போய்விடும். நான்கைந்து பேர் சேர்ந்தால் வேலை நகரும். ஒருவர் வெல்டிங், ஒருவர் வயரிங், ஒருவர் உதிரி தேடி கோவை உக்கடத்துக்கோ சென்னை புதுப்பேட்டைக்கோ போய்வருபவர், ஒருவர் காகிதவேலை பார்ப்பவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் படம் எடுத்து, நட்டு போல்ட்டைப் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு வையுங்கள். யார் எவ்வளவு பணம் போட்டார், வண்டி யார் பெயரில், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது. பட்டறையில் நட்பு முறிவது பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான்.

மலை ஏறும் முன்

கொடைரோட்டுக்காரர்களுக்கு, எழுப்பிய வண்டியைச் சோதிக்க வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை காத்திருக்கிறது. அவசரப்பட வேண்டாம், முதலில் சமவெளியில் சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, ஒழுகல், சூடு, தளர்ந்த போல்ட் எல்லாவற்றையும் பாருங்கள்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல். அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினின் இழுவையும் அதே அளவு குறையும். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் விகிதம் கூடிப்போய்க் கரும்புகை வரலாம். அது பழுதல்ல.

இறங்கும்போதுதான் உண்மையான சோதனை. பிரேக் ஆயில் காலப்போக்கில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறியபின் அது 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் ஆயில் கொதித்து, பெடல் காற்றில் மிதிப்பதுபோலத் தரை வரை போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள்; இறக்கத்தில் இன்ஜினை அணைக்கவே வேண்டாம், அணைத்தால் பிரேக்குக்கு உதவும் வேக்குவம் போய்விடும்.

ஆகவே பணத்தைப் போடும் முன் ஒரு முடிவுக்கு வாருங்கள். சாலையில் ஓட்டத்தான் ஆசை என்றால் ஆர்.சி. சரியாக உள்ள ஒரு பழைய வண்டியைத் தேடுங்கள். புதிதாகப் படைக்கத்தான் ஆசை என்றால் பந்தயத் தடத்துக்கான விதிப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு முதல் குழாயை அறுங்கள். இரண்டு ஆசையையும் ஒரே வண்டியில் தீர்த்துக்கொள்ள இன்றைய சட்டத்தில் இடமில்லை.