நாற்காலிகள் மீட்ட பூங்கா

நியூயார்க் நகரின் பொது நூலகத்துக்குப் பின்புறம், 42-ஆம் தெருவை ஒட்டி இருக்கிறது பிரையன்ட் பூங்கா. 1970களில் அங்கே போதைப்பொருள் வியாபாரம் பட்டப்பகலில் நடந்தது. அக்கம்பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் உள்ளே கால் வைக்கவே அஞ்சினார்கள்.

தெருவோரங்களிலும் கட்டட முற்றங்களிலும் கேமரா வைத்து, மக்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நின்று பேசுகிறார்கள் என்று வருடக்கணக்கில் கவனித்தவர் வில்லியம் ஒயிட். பத்திரிகையாளராக இருந்து இந்த ஆய்வுக்கு வந்தவர். பிரையன்ட் பூங்காவின் கோளாறு அதன் அமைப்பிலேயே இருப்பதாக அவர் சொன்னார். 1934-ல் திருத்திக் கட்டியபோது, நகரச் சந்தடி எட்டாத அமைதியான இடமாக இருக்கட்டும் என்று அதைத் தெருவைவிட மேடாக்கி, சுவரும் இரும்பு வேலியும் செடிவேலியும் வைத்துவிட்டார்கள். உள்ளே நடப்பது வெளியே தெரியவில்லை. வாசல்களும் போதவில்லை. மறைவிடம் தேடுகிறவர்களுக்கு அதுவே வசதியாகிவிட்டது. பாதுகாப்பு குறைந்தால் முதலில் விலகுகிறவர்கள் பெண்கள். அதனால் ஓர் இடத்தின் நலத்தை அறிய, அங்கே வரும் பெண்களின் விகிதத்தைத்தான் ஒயிட் பார்த்தார்.

சீரமைப்புக்காக 1988-ல் மூடிய பூங்கா 1992-ல் மறுபடி திறந்தது.

செடிவேலிகள் போயின, புது வாசல்கள் வந்தன, கழிப்பறைகள் சீராயின. எல்லாவற்றையும்விட முக்கியம், இஷ்டப்படி நகர்த்திக்கொள்ளும் நாற்காலிகள். பதித்துவைத்த பெஞ்சில் எந்தப் பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்பதைக் கட்டியவரே முடிவு செய்துவிடுகிறார். நாற்காலியையோ நிழலுக்கு இழுக்கலாம், நாலு பேர் வட்டமாகப் போட்டுக்கொள்ளலாம், தனியாக ஒதுங்கவும் செய்யலாம். பெரும் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்களுக்காக 1935-ல் இங்கே தொடங்கிய திறந்தவெளி வாசிப்பிடம்கூட 2003-ல் மறுபடி வந்தது. படிக்க வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்பதில்லை.

இதற்கான செலவில் ஒரு பங்கைச் சுற்றியுள்ள கட்டட உரிமையாளர்கள் கட்டும் தனித் தீர்வை தாங்குகிறது. ஏழைப் பகுதிகளுக்கு அந்த வசதி ஏது? ஆனால் அதே நகரில், 1973-ல், லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியரும் நண்பர்களும் பவரி தெருவில் குப்பை மண்டிய காலிமனையைத் தாங்களே கூட்டிப் பெருக்கிச் செடி நட்டார்கள். மறு வருடம் நகர நிர்வாகம் அதை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடமே விட்டது. 1978-ல் இப்படிப்பட்ட தோட்டங்களுக்கு உதவ ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தையே தொடங்கியது. இன்று அதன் ஆதரவில் 500-க்கும் மேற்பட்ட தோட்டங்களை அந்தந்த வட்டாரத்து மக்களே பராமரிக்கிறார்கள்.