கூப்பிய கையும் மொழிபெயர்ப்பும்

கைபேசிச் செய்திகளில் வரும் இமோஜி என்னும் படக்குறிகளை எம்மொழியினர்க்கும் பொதுவானவையெனக் கருதி, மொழிபெயர்ப்பாளர் அவ்வாறே விட்டுவிடுவதுண்டு. இது பொருந்தாது. ஜப்பானியக் கைபேசிகளில் தோன்றிய இக்குறிகளுள் பலவற்றை யூனிகோடு 2010இல் ஏற்றது. அவற்றுள் ஒன்றாகிய கூப்பிய கையை ஜப்பானியர் நன்றி, வேண்டுகோள், மன்னிப்பு ஆகியவற்றுக்கு இடுவர். தமிழரிடையே அது பெரும்பாலும் வணக்கம். இறப்புச் செய்தியின்கீழ் அஞ்சலி. 'தாமதமாகிவிட்டது' என்னும் ஜப்பானியத் தொடரின் இறுதியில் நிற்கும் குறியைத் தமிழில் படமாகவே விட்டால் மன்னிப்பு மறைந்து வணக்கமே எஞ்சும். அங்கு 'மன்னிக்கவும்' எனச் சொல்லாக்குவதே தகும்.

வடிவமும் நிலையானதன்று. யூனிகோடு வரையறுப்பன குறியெண்ணும் பெயருமே. படத்தை வரைவன நிறுவனங்கள். 2016இல் ஆப்பிள் துப்பாக்கிக் குறியை நீர்த்துப்பாக்கியாக மாற்றியது. பிற நிறுவனங்கள் உடனே மாற்றாமையால், அனுப்பியவர் திரையில் விளையாட்டாக நின்றது பெற்றவர் திரையில் மிரட்டலாகத் தோன்ற இடமிருந்தது. ஆதலின் எக்கருவியில் கண்ட பாடம் பெயர்க்கப்பட்டது என்பதையும் மொழிபெயர்ப்பாளர் குறித்தல் வேண்டும்.