இரும்புக்கையும் தெர்மாக்கோலும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் எழவிருந்த ஓலா மின் ஸ்கூட்டர் ஆலைக்கு ரோபோக்களைத் தரப்போவது ஏ.பி.பி. நிறுவனம் என்று 2021 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. வெல்டிங்குக்கும் பெயின்டுக்கும் சில ரகங்கள். பாகங்களைத் தூக்கிப் பொருத்த ஐ.ஆர்.பி. 6700. இந்த வரிசையில் மிகக் குறைந்த எடை தூக்கும் ரோபோ கைகூட 150 கிலோ தூக்கும்.

அதே கையில் ஒரு கட்டரை மாட்டி இரும்பைச் செதுக்கச் சொன்னால் நடுங்கிவிடும்.

தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மொத்தம் ஆறு மூட்டுகள், ஒவ்வொன்றிலும் கியர். ஒவ்வொன்றும் மயிரிழை அளவே நெகிழ்ந்தாலும் நுனிக்கு வருவதற்குள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். ஒசூர் பட்டறைகளில் அசையாமல் உட்கார்ந்திருக்கும், கணினி இயக்கும் சி.என்.சி. வெட்டு எந்திரத்தோடு ஒப்பிட்டால், ரோபோ கையின் விறைப்பு பெரும்பாலும் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. கட்டர் உலோகத்தைக் கடித்தால் உலோகமும் எதிர்த்துத் தள்ளுமே! கை அதிரும், வெட்டிய பரப்பில் அலை அலையாய்த் தழும்பு விழும்.

தெர்மாக்கோல் அப்படி முரண்டு பிடிப்பதில்லை. அதில் நூற்றுக்கு 98 பங்கு காற்று. ஒரு கன மீட்டர் சுமார் 20 கிலோ. அதே அளவு வார்ப்பிரும்பு ஏழு டன். இங்கே விறைப்பைவிட எட்டும் தூரம்தான் முக்கியம். ரோபோ கை இரண்டரை மீட்டருக்கு மேல் நீண்டு, தெர்மாக்கோல் கட்டியைச் சுற்றி வளைந்து, பக்கவாட்டுக் குழிவுக்குள்ளும் நுழைந்து செதுக்கும்.

செதுக்கிய உருவம் பல சமயம் ஃபவுண்டரிக்குப் போகிறது. கார் கதவுத் தகட்டை அழுத்தி வடிக்கும் பெரிய டைகளை வார்க்க, தெர்மாக்கோல் மாதிரியை மணலில் புதைத்து உருகிய இரும்பை ஊற்றுவார்கள். தெர்மாக்கோல் ஆவியாகும், அந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொள்ளும். அமெரிக்கரான ஹெரால்டு ஷ்ராயர் 1958இல் காப்புரிமை பெற்ற முறை இது. சுவாமிமலை ஸ்தபதிகளுக்கு இதில் பாதி பழைய கதை. அவர்கள் மெழுகை முதலில் உருக்கி வடித்துவிட்டுப் பிறகு உலோகம் ஊற்றுகிறார்கள்; இங்கே இரண்டும் ஒரே நொடியில் நடக்கிறது.

மென்மையான பொருள்தானே என்று அலட்சியமாக இருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். மழுங்கிய கட்டர் வெட்டாது, பிய்க்கும். தெர்மாக்கோல் முத்து முத்தாய் உதிரும். சூடேறினால் இளகிக் கட்டரிலேயே ஒட்டும். பொடியோ நிலைமின்சாரத்தால் தலைமுடி, சட்டை, மூட்டு இடுக்கு என்று எங்கும் அப்பிக்கொள்ளும். அதனால் கட்டர் பக்கத்தில் உறிஞ்சுகுழாய் வைக்கிறார்கள். ரோபோவுக்கும் துணியில் ஒரு சட்டை தைத்து மாட்டிவிடுகிறார்கள்.