மாமன் மகன் வந்தான், மனசு தடுமாறியது!
14 வயதுப் பையனின் கதை

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடப் பையன்கள் தோளில் கை போட்டபடி வருவார்கள். "டேய் மச்சான்!", "வாடா மாப்ளே!" என்று ஒரே கூப்பாடு. யாரும் திரும்பிப் பார்ப்பது இல்லை. கூட்டாளிகள். அவ்வளவுதான்.

அதில் ஒரு பையனுக்கு மட்டும் நெஞ்சு வேறு மாதிரி அடித்துக்கொண்டால்? யாரிடம் சொல்வான்?

இதை நாவலாக எழுதியவர் சியாம் செல்வதுரை. 1965-ல் கொழும்பில் பிறந்தவர். அப்பா தமிழர், அம்மா சிங்களவர். 1983 கலவரத்துக்குப் பிறகு குடும்பம் கனடாவில் குடியேறியது. 2005-ல் வந்த 'ஸ்விம்மிங் இன் தி மான்சூன் சீ' என்ற இந்த இங்கிலீசு நாவல் விடலைப் பையன்களுக்காகவே எழுதப்பட்டது. லாம்ப்டா விருதும் வாங்கியது.

வயிறு எரிந்தது

கதை நடப்பது 1980-ல், கொழும்பில். அம்ரித்துக்கு 14 வயது. தாய், தகப்பன் இல்லை. அம்மாவின் சிநேகிதி வீட்டில் வளர்கிறான். அங்கே அன்புக்குக் குறைவில்லை. ஆனாலும் சொந்தம் என்று சொல்ல ஆள் இல்லை.

திடீரென்று கனடாவில் இருந்து தாய்மாமன் வந்து இறங்குகிறார். கூடவே அவர் மகன் நிரேஷ். பையன்கள் இருவரும் ஒட்டிக்கொள்கிறார்கள். சொந்தம் கிடைத்த சந்தோஷம் என்றுதான் அம்ரித் முதலில் நினைக்கிறான்.

வீட்டுப் பெண் மாலாவுடன் நிரேஷ் சிரித்துப் பேசுகிறான். அம்ரித்துக்கு வயிறு எரிகிறது. கூட்டாளி வேறு ஒருவரோடு பேசினால் இப்படியா எரியும்? பள்ளிக்கூடத்தில் அப்போது நடப்பது 'ஒத்தெல்லோ' நாடக ஒத்திகை. பொறாமையால் குடி கெட்ட கதை அது!

முறைப்பெண் என்றால்...

நம் பக்கத்துக்காரருக்கு இதில் ஒன்று சட்டென்று பிடிபடும். வந்தது மாமன் மகளாக இருந்தால்? வத்தலக்குண்டு, நிலக்கோட்டைப் பக்கம் கேட்டுப் பாருங்கள். "முறைப்பொண்ணு வந்துட்டாடா" என்று கிழவிகளே கேலியை ஆரம்பித்துவிடுவார்கள். பையன் தாராளமாக வெட்கப்படலாம். வந்ததோ மாமன் மகன், மச்சான். அந்த வெட்கத்துக்கு ஊரில் பேரே கிடையாது. மிஞ்சியது பயம்தான்.

நீதிபதி பாடம் கேட்டார்

இது கொழும்புக் கதை. பக்கத்து மதுரையில் நிஜமாகவே நடந்ததும் உண்டு. இரண்டு இளம்பெண்கள். சிநேகிதம் காதலானது. பெற்றோர் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் சென்னைக்குப் போனார்கள். 'காணவில்லை' என்று பெற்றோர் போலீசில் புகார் கொடுத்தனர். பெண்கள் ஐகோர்ட்டு படி ஏறினார்கள்.

ஓரினச்சேர்க்கை குற்றம் அல்ல என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதியே சொல்லிவிட்டது. ஆனாலும் ஐகோர்ட்டு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உடனே தீர்ப்பு எழுதவில்லை. தனக்கே விஷயம் சரியாகப் புரியவில்லை என்று மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவு வந்தது. வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், 'காணவில்லை' புகாரைப் போலீசார் முடித்துவிட வேண்டும், தொந்தரவு செய்யக்கூடாது.

அதே வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்டவர்களைக் கேலிப் பேர் சொல்லி அழைக்காமல் மரியாதையாகக் குறிப்பிடச் சொற்பட்டியல் ஒன்றைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது.