நீலம் சொல்லாமல் விட்டது

சர்க்கரை நோயாளிக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றால், முன்பெல்லாம் சில நாள் முன்னதாகவே வார்டில் சேர்த்துவிடுவார்கள். வேளாவேளைக்குச் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல் ஊற்றி, 8 சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறத்துக்கு வந்தால் இன்சுலின் யூனிட்டும் ஏறும்.

ஆபத்து அந்த நீலத்தில்தான் இருந்தது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். 150 என்றாலும் நீலம். 40-க்குச் சரிந்து ஆள் வியர்த்துக் கொட்டினாலும் நீலம். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடப்பவருக்கு இது உயிர்ப் பிரச்சினை. கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே அந்தச் சரிவைக் கண்டுபிடித்த செவிலியர்களை எவ்வளவு போற்றினாலும் தகும்.

இன்று விரல் நுனியில் ஒரு குத்து, சில நொடியில் எண். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைக்க யோசிக்கிறார்கள். ஆபரேஷனையொட்டிய நேரத்தில் 100 முதல் 180 வரை போதும். இன்னும் இறுக்கிப் பிடித்தால் நல்லதென்று ஒரு காலம் நம்பினார்கள். தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் அப்படி இறுக்கியபோது இறப்பு கூடியதை 2009-ல் நைஸ்-சுகர் ஆய்வு காட்டியது.

ஆனால் வார்டு பார்த்த வேலை இப்போது வீட்டின் தலையில். பலர் ஆபரேஷன் அன்று காலையில்தான் வந்து சேர்கிறார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று 2020-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அறிவித்தது. நிறுத்தாவிட்டால் ரத்தம் அமிலமாகக்கூடும். அப்போதும் குளுக்கோமீட்டர் சாதாரண எண்ணையே காட்டலாம். அந்தப் பழைய நீலத்தைப் போலவே. நம் ஊரில் இவை மெட்ஃபார்மினோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாகவும் வருகின்றன. அட்டையில் பெரிதாகத் தெரிவது கம்பெனி வைத்த பெயர்தான்; உள்ளே இந்த மருந்து இருப்பது வீட்டில் தெரியாமலே போகலாம்.

இன்சுலின் போடுபவர் வீட்டில் இன்னொரு சிக்கல். “ஒண்ணுமே சாப்பிடலையே, ஊசி எதுக்கு?” என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைப் பெரும்பாலும் கொஞ்சம் குறைப்பார்களே தவிர, அடியோடு நிறுத்துவதில்லை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிக்கு நிறுத்தவே கூடாது. எந்த மருந்தை என்று நிறுத்துவது, எந்த ஊசியை எவ்வளவு குறைப்பது, இரவில் மயக்கம் வந்தால் யாரை அழைப்பது என்று தமிழில் எழுதிய ஒரு தாளை, தேதி குறிக்கும்போதே ஒவ்வொரு மருத்துவமனையும் கையில் கொடுத்தாக வேண்டும்.